குக்கர் நிரபராதி! பாப்பா ஐந்தரை மணி நேரம் தூங்கிய கதை

வணக்கம் மக்களே. இன்றைக்குக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவேன், நீங்கள் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். பாப்பாவை இரண்டு பத்துக்குப் படுக்க வைத்தேன். பழைய கணக்குப்படி எனக்கு நாற்பது நிமிடம்தான். அது என்ன கணக்கு என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் சேதி. நேற்று ராத்திரி 9.20க்குத் தூங்கியவள், 2.50க்குத்தான் பாலுக்கு முழித்தாள். ஐந்தரை மணி நேரம்! எனக்குத்தான் பயத்தில் தூக்கமே வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை, ஒன்றரைக்கு ஒரு தடவை எழுந்து, மூக்குக்கிட்ட விரலை வைத்துப் பார்த்தேன். "அதுதான் தூங்குதுல்ல, நீயும் படேன்" என்று அவர் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்து, அடுத்த நொடி குறட்டை. அந்தக் குறட்டைக்கு மட்டும் இவள் முழிக்கவே மாட்டாள், அதைப் பார்த்தீர்களா?

போன வீடியோவில் கண் வீங்கிப்போய் வந்து குக்கரைத் திட்டினேனே, ஞாபகம் இருக்கும். நாலு மாதம் முடிந்ததிலிருந்து ராத்திரியில் ஒன்றரை மணிக்கொரு தரம் சிணுங்கல், பகலில் தூங்கிய கொஞ்ச நேரத்தில் வீல் என்று அலறல். விசில் சத்தம்தான் காரணம் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். இரண்டு வாரம் குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டுச் சோறு வடித்தேன் மக்களே. பருப்பை ஊறவைத்து, திறந்த பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் வேகவைத்தேன். சிலிண்டர் பத்து நாள் முன்னாடியே தீர்ந்துபோனது. அத்தைக்கு மட்டும் ஒரே சந்தோஷம், வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

உண்மை எப்படித் தெரிந்தது தெரியுமா? தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளை நான் தூக்கிப் போடமாட்டேன், மளிகைக் கணக்கு எழுத வைத்திருப்பேன். அதன் பின்பக்கத்தில் பாப்பா தூங்கிய நேரம், முழித்த நேரம் எழுத ஆரம்பித்தேன். இதோ பாருங்கள், கேமராவுக்குத் தெரிகிறதா? 43 நிமிடம். 41. 45. மறுபடி 43. இது நாங்கள் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்த நாள், அன்றைக்கு வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை. அன்றைக்கும் 42!

சளிக்குக் காட்டப் போனபோது இந்தத் தாள்களை டாக்டரம்மாவிடம் நீட்டினேன். சிரித்துவிட்டார்கள். இந்த வயதில் குழந்தையின் தூக்கம் ஒரு சுற்று முடிய நாற்பது, ஐம்பது நிமிடம்தான் ஆகுமாம். சுற்று முடிகிற இடத்தில் எல்லாக் குழந்தையும் லேசாக முழிக்கும். நாம்கூட ராத்திரியில் அப்படி முழித்துப் புரண்டு படுக்கிறோம், காலையில் ஞாபகம் இருப்பதில்லை. நாலு மாதம் வாக்கில் தூக்கத்தின் அமைப்பே மாறுவதால் அந்த முழிப்பு இன்னும் நன்றாகத் தெரிகிறதாம். ஆக, குக்கர் நிரபராதி. அன்று சாயங்காலமே பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன்.

அப்புறம் டாக்டரம்மா கேட்ட ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. "முழிச்சதுல இருந்து எவ்வளவு நேரம் கழிச்சுத் தூங்க வைக்கிறீங்க?" நான் பெருமையாக, "அழ ஆரம்பிச்ச உடனே டாக்டர்" என்றேன். அங்கேதான் தப்பு. ஐந்து மாதக் குழந்தை ஒன்றரை மணி, மிஞ்சிப்போனால் இரண்டரை மணி நேரம் முழித்திருக்கும். அதைத் தாண்டினால் களைத்துப்போய் அழும். களைத்த குழந்தை லேசில் தூங்காது, தூங்கினாலும் நிலைக்காது. பகலில் தூங்கவிடாமல் வைத்தால் ராத்திரி அடித்துப் போட்டதுபோலத் தூங்கும் என்று எனக்குச் சொன்னவர்கள் யாராக இருந்தாலும் என் முன்னால் வராதீர்கள். இந்த வயதில் பகலும் ராத்திரியும் சேர்த்து 12லிருந்து 16 மணி நேரத் தூக்கம் வேண்டும். நான் பத்தரை மணி நேரத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது அழுகைக்குக் காத்திருப்பதில்லை. இவளுக்கு முதல் அறிகுறி காது. வலது காதைப் பிடித்து இழுப்பாள். அடுத்து, சுவரில் ஒன்றுமே இல்லாத இடத்தை வெறித்துப் பார்ப்பாள். அப்போதே தூக்கி அறைக்குள் போய்விடுவேன். கொட்டாவி வந்துவிட்டால் அவசரம், அழுதுவிட்டால் பஸ் போய்விட்டது.

சரி, அறை. திரைச்சீலைக் கதையைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. பகலிலும் இருட்டாக இருந்தால் நன்றாகத் தூங்கும் என்று தெரிந்ததும் ஆன்லைனில் பார்த்தேன். இரண்டு திரை 1,899 ரூபாய்! திரையா, பட்டுச் சேலையா? நேராக மதுரை விளக்குத்தூண் பக்கம் துணிக்கடைக்குக் கிளம்பிவிட்டேன். கடைக்காரர் மீட்டர் 160 என்றார். கனமான கருநீலத் துணி, கையை உள்ளே விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், விரல் தெரியவில்லை. 120க்குக் கேட்டேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். படியிறங்கினேன், கூப்பிட்டார். 130க்கு முடித்து மூன்றரை மீட்டர், 455 ரூபாய். தைக்கக் கொடுத்தால், தையல்காரர் மடித்துத் தைத்ததில் நாலு விரற்கடை நீளம் போய்விட்டது! அந்த நாலு விரல் சந்து வழியாக மத்தியானம் இரண்டரைக்கு வெயில் உள்ளே வந்து, அளந்து வைத்ததுபோல இவள் கண்ணிலேயே விழுகிறது. அறை முழுக்க இருட்டு, கண்ணில் மட்டும் டார்ச் லைட். திரும்பப் போய்ச் சண்டை போட்டு, ஓரத்தில் ஒட்டுத்துணி வைத்துத் தைக்கச் சொன்னேன். கூலி கேட்டார். கொடுக்கவில்லை. நிறம் கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். வேறு யார் பார்க்கப்போகிறார்கள்?

அடடா, தூளியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேனே. முதல் மூன்று மாதம் அப்பத்தாவின் சுங்குடிச் சேலையில் தூளி கட்டி ஆட்டினேன், அந்த வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இப்போது அவிழ்த்து மடித்து வைத்துவிட்டேன். எனக்கும் மனசில்லைதான், நானும் தூளியில் கிடந்து வளர்ந்தவள். ஆனால் துணி வளைந்து கொடுக்கும்போது குழந்தையின் தாடை நெஞ்சில் போய் முட்டும், மூச்சுக்கு இடைஞ்சல் என்றார் டாக்டரம்மா. இவள் இப்போது குப்புற விழவும் ஆரம்பித்துவிட்டாள். ஆகவே கெட்டியான சமதளப் படுக்கை, மல்லாக்கப் படுக்கை, எங்கள் அறையிலேயே, ஆனால் தனியாக. துணியில் சுற்றிப் படுக்க வைப்பதையும் நிறுத்தியாயிற்று.

இதில் பெரிய போர் கடுகுத் தலையணைக்குத்தான். தலை உருண்டையாக வர அத்தை தன் கையால் தைத்தது. தலையணை, போர்வை, பொம்மை எதுவுமே படுக்கையில் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதை நான் சொன்னால் எடுபடவில்லை. அடுத்த தடவை அத்தையையே கூட்டிக்கொண்டு போனேன். வெளியே வந்ததும், "அந்தம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்கள். நான் மூன்று வாரமாகச் சொன்னதும் அதேதான். போகட்டும்.

ராத்திரிக்கு வருகிறேன். ஏழரைக்கு வெந்நீரில் உடம்பு துடைத்து, பால் கொடுத்து, ஜீரோ வாட் பல்பு மட்டும் போட்டு, ஆராரோ பாடி, கண் சொக்கும்போதே படுக்கையில் விட்டுவிடுவேன். முழுக்கத் தூங்கிய பிறகு இடம் மாற்றினால், நடுவில் முழிக்கும்போது "நான் அம்மா மடியில்தானே இருந்தேன்" என்று தேடுகிறாள். சிணுங்கினால் உடனே பாயமாட்டேன், ஒரு நிமிடம் கவனிப்பேன். பாதி நேரம் அது தூக்கத்திலேயே வருகிற முனகல்தான். முன்பெல்லாம் நான்தான் ஓடிப்போய்த் தூக்கி எழுப்பியிருக்கிறேன்! பசி என்று தெரிந்தால் பால் உண்டு, அதில் சந்தேகமே வேண்டாம். விளக்குப் போடமாட்டேன், பேச்சுக் கொடுக்கமாட்டேன். காலையில் ஆறரைக்கு மொட்டை மாடி, நல்ல வெளிச்சம்.

கமெண்டில் "ராத்திரி கஞ்சி கொடு", "வசம்பை உரைத்து நாக்கில் தடவு" என்றெல்லாம் எழுதியவர்களுக்கு: ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். சாம்பிராணிப் புகையும் கிடையாது, அதைக் காட்டிய அன்றைக்கெல்லாம் இருமினாள். மழைச் சத்தம் போடுகிற ஆப் எது என்று கேட்டீர்கள். ஆப் எல்லாம் இல்லை, மூலையில் பழைய டேபிள் ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். போனில் போடுவதானால் தலைமாட்டில் வைக்காதீர்கள். ஆறேழு அடி தள்ளி, மெதுவாக.

மணி என்ன? மூன்று ஐந்து! ஐம்பத்தைந்து நிமிடம், இன்னும் சத்தமே இல்லை. இருங்கள், எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

தூங்குகிறாள். காலை ஒரு பக்கமாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு, அவள் அப்பாவேதான். சரி, நான் போய்க் குக்கரில் பருப்பு வைக்கிறேன். இன்றைக்கு நாலு விசில்.