ஓடும்போது உங்கள் கடிகாரம் எண்ணுவது இதயத்தையா, கால்களையா?

[காட்சி: ஓடிக்கொண்டிருப்பவரின் மணிக்கட்டு. கடிகாரத் திரையில் 168.]

வணக்கம். ஓர் எடுத்துக்காட்டோடு தொடங்குவோம். ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரின் கைக்கடிகாரம் நாடித்துடிப்பு 168 என்று காட்டுகிறது. அதே நொடியில் அவர் மார்பில் கட்டியிருக்கும் பட்டையோ 142 என்கிறது. இதயத்தின் மின்துடிப்பை நேரடியாக வாங்குவதால் மார்புப் பட்டையின் கணக்கையே நாம் நம்பலாம். அப்படியானால் 168 எங்கிருந்து வந்தது? அவருடைய காலடிகளை எண்ணிப் பாருங்கள்: நிமிடத்துக்கு 168. கடிகாரம் பழுதாகவில்லை, அது இதயத்தை விட்டுவிட்டுக் கால்களைப் பின்தொடர்ந்திருக்கிறது.

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். தோலில் ஒளியைப் பாய்ச்சி இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அறியும் முறையை 1930-களில் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் விரிவாக ஆராய்ந்தார். 1974-ல் ஜப்பானின் டகுவோ அயோயாகி, இரு நிற ஒளிகளை ஒப்பிட்டு இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் கண்டறியும் வழியை முன்வைத்தார். 1982-ல் பின்லாந்தின் போலார் நிறுவனம், மார்புப் பட்டையிலிருந்து மணிக்கட்டுக்குக் கம்பியில்லாமல் நாடித்துடிப்பை அனுப்பும் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றைய கைக்கடிகாரங்கள் ஹெர்ட்ஸ்மனின் வழியில் வந்தவை.

[காட்சி: கடிகாரத்தின் அடிப்பக்கம், மிக அருகில்.]

உங்கள் கடிகாரத்தைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். சற்றே புடைத்த கண்ணாடிக்கு அடியில் பச்சை நிற எல்.இ.டி. விளக்குகளும், அவற்றிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி, ஒளியை அளக்கும் போட்டோடையோடு என்னும் சிறு சதுரமும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கருப்புத் தடுப்பு நிற்கிறது. அது இல்லாவிட்டால் விளக்கின் ஒளி தோலுக்குள் போகாமலேயே கண்ணாடி வழியாகச் சதுரத்தை அடைந்து, தான் எதையும் பார்த்திராத ஒரு பயணத்தைப் பற்றிச் சாட்சி சொல்லத் தொடங்கிவிடும்.

530 நானோமீட்டருக்கு அருகிலுள்ள பச்சை ஒளியை, இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சும். இதயம் துடிக்கும்போது தமனிகளில் இரத்தம் நிறைகிறது. திரும்பி வரும் ஒளி சற்றுக் குறைகிறது. அந்தக் குறைவு எவ்வளவு தெரியுமா? விரல் நுனியில் மொத்த ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு. மணிக்கட்டில் அதைவிடவும் சொற்பம். மீதி எல்லாம் தோலும் தசையும் தேங்கிய இரத்தமும் திருப்பியனுப்பும் ஒளிதான். அருவிக்கு அடியில் நின்றுகொண்டு ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முயல்வது எப்படியோ, அப்படித்தான் இந்தச் சென்சாரின் வேலையும்.

இப்போது அந்த 168-க்கு வருவோம். இந்த வீடியோவை எடுக்க வேண்டும் என்று என்னைத் தூண்டியதே இந்த விஷயம்தான் என்பதால், இங்கே சற்று நேரம் நிற்கப் போகிறேன்.

வெளியிலிருந்து வரும் இரைச்சல் எல்லாமே கடினமானது அல்ல. அறை விளக்குகள் வினாடிக்கு 100 அல்லது 120 முறை மினுக்கும். நாடித்துடிப்போ வினாடிக்கு ஒன்று முதல் மூன்று வரைதான். வேகத்தில் இவ்வளவு வேறுபாடு இருப்பதால் இதை எளிதில் பிரித்துவிடலாம். போதாக்குறைக்கு, எல்.இ.டி.யை ஒரு கணம் அணைத்து, வெளி ஒளியை மட்டும் அளந்து, அதை மொத்தத்திலிருந்து கழித்துவிடவும் முடியும். ஆனால் ஓடுபவரின் காலடிகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 150 முதல் 190 வரை இருக்கும். கடினமாக ஓடுகிறவரின் இதயமும் அதே எல்லைக்குள்தான் துடிக்கும். கள்வனும் காவலனும் ஒரே உயரம், ஒரே உடை என்றால், வேகத்தை வைத்துப் பிரிக்கும் வடிகட்டி யாரைப் பிடிக்கும்?

இதோடு முடியவில்லை. ஒவ்வொரு காலடியிலும் கடிகாரம் தோலின் மேல் மயிரிழை அளவு நழுவுகிறது. சிரைகளில் உள்ள இரத்தமும் அலம்புகிறது. இரண்டு காலடிகளுக்கு ஒருமுறைதான் ஒரு கை முன்னும் பின்னும் சென்று திரும்புகிறது என்பதால், 168 காலடிகளோடு 84 கைவீச்சுகளும் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே சென்சாரின் முன்னால் இரண்டு பொய்த் தாளங்களும் ஓர் உண்மைத் தாளமும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. மூன்றில் மெலிந்தது உண்மைத் தாளம்தான்.

பொறியாளர்களின் விடை, கடிகாரத்துக்குள் இருக்கும் முடுக்கமானி (accelerometer) என்னும் அசைவு உணரி. அதற்கு ஒளியைப் பற்றி எதுவும் தெரியாது. அசைவை மட்டும் அறியும். அசைவு இப்படி இருந்தால் ஒளியில் அதன் தடம் இப்படித்தான் விழுந்திருக்கும் என்று அல்காரிதம் நொடிக்கு நொடி கணித்து, அந்தத் தடத்தைக் கழிக்கிறது. பாதி வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் எழுகிறது. ஓடுபவரின் இதயமும் மெல்ல ஏறி 168-ஐ அடைந்துவிட்டால் என்ன ஆகும்? காலடி என்று எண்ணிக் கழிக்கும்போது உண்மையான நாடியும் சேர்ந்தே அழிந்துவிடும். அந்தச் சந்திப்பைக் கடந்த பிறகு எந்தத் தாளத்தைப் பின்தொடர்வது என்பதை, முந்தைய சில நொடிகளின் போக்கை வைத்துத்தான் அல்காரிதம் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஓடத் தொடங்கிய சில நொடிகளிலேயே எண் 160-க்கு மேல் தாவினால் சந்தேகப்படுங்கள். இதயம் அந்த உயரத்துக்குப் படிப்படியாகத்தான் ஏறும். அரை நிமிடக் காலடிகளை எண்ணி இரட்டித்து, திரையில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பிறகு வேகத்தை மாற்றாமல் அடிகளை மட்டும் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். திரையில் உள்ள எண்ணும் உடனே கூடவே தாவினால் அது உங்கள் நாடி இல்லை.

[காட்சி: பட்டையை ஒவ்வொரு துளையாக இறுக்கும் கை.]

இவ்வளவு கணிதத்தையும்விடப் பட்டைக்கே அதிகக் கவனம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தளர்ந்திருந்தால் வெளி ஒளி புகும், கடிகாரம் நழுவும். மிகவும் இறுகினால் தோலடி நாளங்கள் அழுந்தி, அளக்க வேண்டிய அலையே தட்டையாகிவிடும். இடைப்பட்ட ஒரு குறுகிய அழுத்தத்தில்தான் அலை தெளிவாக எழுகிறது. துளைகள் உள்ள பட்டையில் ஒரு துளை தளர்வாகவும் அடுத்தது இறுக்கமாகவும் அமைந்துவிட்டால், அந்தக் குறுகிய இடம் இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொள்கிறது. நெகிழும் துணிப் பட்டை இதைப் பெரிதும் தீர்க்கிறது. ஒரே கையால் மாட்ட முடிவது முதியவர்களுக்கு இன்னும் பெரிய உதவி. அரிக்கும் பட்டையை யாரும் சரியான இறுக்கத்தில் வைத்திருக்க மாட்டார்கள் என்பதால், வசதியைத் தனியாகவும் துல்லியத்தைத் தனியாகவும் வடிவமைக்கவே முடியாது. பயிற்சியின்போது மட்டும் கடிகாரத்தை மணிக்கட்டு எலும்பிலிருந்து ஓரிரு விரற்கடை மேலே ஏற்றிக் கட்டுங்கள்.

தோலின் நிறத்தைப் பற்றி நேராகப் பேச வேண்டும். தோலுக்கு நிறம் தரும் மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சுவதால், கருத்த தோலில் திரும்பி வரும் ஒளி குறைவு. ஒளியைக் கூட்டினால் ஈடுகட்டலாம், பேட்டரி விரைவில் தீரும். அதைச் சாக்காகச் சொல்லிச் சோதனைகளில் வெளிர் தோலினரையே நிறைத்தால், கருத்த தோலினரிடம் கருவி எங்கே தவறுகிறது என்பது விற்பனைக்குப் பிறகுதான் வெளிவரும். 2020-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மருத்துவமனைகளின் ஆக்சிஜன் அளவிகள் ஆபத்தான ஆக்சிஜன் குறைவைக் கவனிக்கத் தவறியது, வெள்ளையின நோயாளிகளைவிடக் கருப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று காட்டியது. அது வேறு அளவீடுதான் என்றாலும், நாடி சென்சார்களை வடிவமைப்பவர்கள் முதல் நாளிலிருந்தே இதை மனத்தில் வைத்தாக வேண்டும். பச்சை குத்திய தோலும் குளிரில் சுருங்கிய நாளங்களும் இதே வகைச் சோதனைகளே.

விளம்பரத்தில் சராசரிப் பிழை பூஜ்யம் என்று கண்டால் மயங்காதீர்கள். பாதி நேரம் 10 கூட்டியும் பாதி நேரம் 10 குறைத்தும் காட்டும் கருவிக்கும் சராசரிப் பிழை பூஜ்யம்தான். பிழைகள் எவ்வளவு அகலமாகச் சிதறுகின்றன என்பதைப் படமாக வரைந்து பார்க்கும் முறையைப் புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-லேயே மருத்துவ உலகுக்கு எடுத்துச்சொன்னார்கள். நிறுவனங்கள் அந்தப் படத்தை வெளியிட வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

கடைசியாகத் திரை. அலை தெளிவில்லாதபோது பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருப்பதைவிட, எண்ணுக்குப் பதிலாக ‘--’ என்று வெறும் கோட்டைக் காட்டுவதே மேல். கோட்டைக் கண்டவர் பட்டையைச் சரிசெய்வார். தவறான எண்ணைக் கண்டவர் அதை நம்பி ஓட்டத்தின் வேகத்தை மாற்றுவார். உங்கள் கடிகாரம் எந்த வகை? காலடிச் சோதனையைச் செய்து பார்த்து, நடக்கும்போது, ஓடும்போது, எடை தூக்கும்போது எங்கே எண் தடுமாறியது என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். எடை தூக்கும்போது மணிக்கட்டு மடங்கி, முன்கைத் தசைகள் இறுகுவதால் வரும் பிழைகள் முற்றிலும் வேறு வகையானவை. உங்கள் பதில்களை வைத்து அவற்றை அடுத்த வீடியோவில் பிரித்துப் பார்க்கலாம்.