குளத்தைப் பார், வெளிச்சத்தைப் பாராதே

நேயர்களுக்கு வணக்கம். காலபோக விதைப்புக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. உங்கள் கலப்பை இப்போது கொட்டிலில் சும்மா கிடக்கும். வீட்டிலேயே வெல்டிங் பழகுவது பற்றிய இந்தப் பேச்சு முடிந்ததும் ஒரு கம்பித் தூரிகையோடு போய், கொழு பூட்டியிருக்கிற கால்களின் அடியைத் தேய்த்துப் பாருங்கள். தலைமுடி அளவில் ஒரு கோடு தெரிந்தால் அது கீறல் அல்ல, வெடிப்பு. புழுதி உழவில் அது முறிந்தே தீரும்.

எனக்கு அப்படித்தான் முறிந்தது. ஐப்பசி மாதம், நிலம் கல்லாகக் காய்ந்து கிடந்தது. ஒன்பது கொழுக் கலப்பையில் நடுக் கால் ஒன்று அடியோடு போய்விட்டது. சந்தியில் இருந்த ஒட்டுக்கடைக்குக் கொண்டுபோனால் எனக்கு முன்னால் ஆறு கலப்பைகள் வரிசையில் நின்றன. மூன்றாம் நாள் மழை கொட்டியது. பக்கத்து வயல்காரர் புழுதியில் விதைத்துவிட்டு மழையை வரவேற்றார். நான் சேறு இறுகும்வரை காத்திருந்து, பிந்தி விதைத்தேன். பிந்திய பயிர் கடைசித் தண்ணீருக்குத் தவித்தது. கடைக்காரரில் பிழை இல்லை, அவருக்கு இரண்டு கைதான். ஒருமணி நேர ஒட்டுவேலைக்கு ஒரு போகத்தைப் பணயம் வைத்தது என்னுடைய பிழை. ஐம்பத்தொரு வயதில் வெல்டிங் பழகுவது என்று அன்று இரவே முடிவெடுத்தேன்.

எனக்குக் கற்றுத் தந்தவன் என் தங்கையின் மகன். தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுத்த பிள்ளை. இப்போது எங்கள் பக்கத்தில் இப்படிப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 முதல் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இயங்குகிறது. எங்கள் காலத்தில் அது இல்லை. 1990களில் வன்னியில் மின்சாரமும் இல்லை, தடையால் எரிபொருளும் பற்றரியும் கிடைப்பதில்லை. முறிந்த இரும்பைக் கம்மாலையில் கொல்லர்தான் நெருப்பில் காய்ச்சி அடித்துத் தந்தார். அந்தக் கைகளால்தான் அன்று வயல் உழப்பட்டது என்பதை நான் மறக்கவில்லை.

மருமகன் வந்து முதல் நாள் சொன்னது இதுதான்: "மாமா, வெளிச்சத்தைப் பாக்காதேங்கோ. குளத்தைப் பாருங்கோ."

றொட் என்பது உருகி ஒட்டாகிற, பூச்சுப் போட்ட கம்பி. அதன் நுனிக்கும் இரும்புக்கும் இடையில் தீப்பொறி பிடித்ததும் முகமூடியின் கண்ணாடிக்குள்ளே பச்சையாக ஒரு பேரொளி தெரியும். புதிதாகப் பழகுகிற எல்லோரும் அந்த ஒளியையே பார்ப்பார்கள். அதில் பார்க்க ஒன்றுமில்லை. அதற்குச் சற்றுப் பின்னால், பயற்றம் பருப்பு அளவில் உருகிய இரும்பு மினுமினுத்துக்கொண்டு நிற்கும். அதுதான் குளம். வன்னியில் பிறந்தவருக்குக் குளம் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரணைமடுவோ முத்தையன்கட்டோ, தண்ணீர் இரு கரையையும் தொட்டதா என்றுதானே பார்க்கிறோம். இங்கேயும் அதுதான். ஒட்டவேண்டிய இரண்டு இரும்பும் இரண்டு கரை. குளம் இரண்டையும் உருக்கிப் பிடித்த பிறகுதான் கை முன்னே நகர வேண்டும். ஒரு கரையை மட்டும் தொட்டுக்கொண்டு ஓடினால் மேலே பார்க்க அழகாக இருக்கும், முதல் வரம்பு ஏறும்போதே கழன்று விழும்.

குளத்தின் மேல் கறுப்பாக ஒரு ஓடு மிதந்து வரும். றொட்டின் பூச்சு உருகி வருவது அது. சூடான இரும்பைக் காற்று தீண்டாமல் காப்பதும் அதுதான். அது குளத்துக்குப் பின்னால்தான் வர வேண்டும். முன்னால் ஓடிவிட்டால் இரும்புக்குள்ளே புதைந்து ஒட்டைப் பொத்தலாக்கிவிடும். அதனால் றொட்டைச் சற்றுப் பின்பக்கம் சாய்த்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஆறியதும் அந்த ஓட்டைச் சுத்தியலால் தட்டி, தூரிகையால் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த வரி ஒட்டு. தட்டும்போதும் கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், அது சுடச்சுடத் தெறிக்கும்.

இனி வாங்க வேண்டியவை. வீட்டுக் கரண்டில் ஓடும் சிறிய இன்வேட்டர் வெல்டிங் மெசின் போதும். 6013 என்று அச்சிட்ட 2.5 மில்லிமீற்றர் றொட் வாங்குங்கள். அதில் உள்ள 60, ஒட்டு சதுர அங்குலத்துக்கு 60,000 இறாத்தல் இழுவையைத் தாங்கும் என்பதற்கான குறி. நாலு மில்லிமீற்றர் தகட்டுக்கு 70, 80 அம்பியரில் தொடங்கலாம். றொட் அடிக்கடி ஒட்டிப் பிடித்தால் கொஞ்சம் கூட்டுங்கள், இரும்பு ஓட்டையானால் குறையுங்கள். நுனிக்கும் இரும்புக்கும் இடைவெளி றொட்டின் பருமன் அளவுதான். சரியாக வந்தால் வடை பொரிகிற சட்டிபோல ஒரே சீராகச் சத்தம் கேட்கும். இடைவெளி கூடினால் சத்தம் சீறலாக மாறும், பொறி நாலு பக்கமும் பறக்கும்.

நான் ஒரு பக்கற் றொட் முடியும்வரை பழைய பட்டை இரும்புத் துண்டுகளில்தான் பழகினேன். படலையில்கூட மருமகன் கைவைக்க விடவில்லை. இரண்டு துண்டை ஒட்டுவேன். அவன் அதை வைஸில் இறுக்கிப் பெரிய சுத்தியலால் அடித்து முறிப்பான். முறிந்த வாயைத் திருப்பிக் காட்டுவான். உருகாத இரும்பின் பழைய விளிம்பு உள்ளே நேர்கோடாகத் தெரியும். ஒட்டு மேலே மட்டும் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த முறிந்த துண்டுகள்தான் எனக்குப் பாடப்புத்தகம். ஒட்டியதை முறித்துப் பார்க்காமல் யாரும் வெல்டிங் பழக முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம் கலப்பைக்கு வருவோம். வெடிப்பின் மேலே அப்படியே ஒட்டைப் போட்டு மூடினால் கீழே வெடிப்பு உயிரோடு இருக்கும். முதலில் வெடிப்பு முடிகிற இடத்தில் சிறிய துளை போடுங்கள், அது மேலும் ஓடாது. பிறகு கிரைண்டரால் வெடிப்பு நெடுக வாய்க்கால்போலக் குடைந்து, பெயின்ற், துரு, கிறீஸ் எல்லாம் போகச் சுத்தம் செய்யுங்கள். வேலையில் முக்கால்வாசி இதுதான். அந்த வாய்க்காலை அடியிலிருந்து வரி வரியாக நிரப்புங்கள். பிறகு யோசியுங்கள்: இது ஏன் முறிந்தது? ஆணி தளர்ந்து ஆடியதாலா, வேர்க்கட்டையில் மோதியதாலா? காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த போகம் முறியும்.

உழவு இயந்திரத்தில் பூட்டியபடி ஒட்டுவதானால் பற்றரி வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். மெசினின் எர்த் கிளிப்பை ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள். தூரத்தில் பிடித்தால் கரண்ட் பெயாரிங் வழியாக ஓடி அதைக் கெடுத்துவிடும்.

கண்ணைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். இரண்டாம் வாரம், ஒரு பொட்டு ஒட்டுத்தானே என்று முகமூடி இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து பொட்டு வைத்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. இரவு இரண்டு மணிக்கு இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்டதுபோல எழும்பினேன். கண்ணைத் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. புறஊதா ஒளி கண்ணின் மேற்தோலைச் சுடுவது அது. சில மணி நேரம் கழித்துத்தான் காட்டும். 10ஆம் அல்லது 11ஆம் இலக்கக் கண்ணாடி போட்ட முகமூடி இல்லாமல் ஒரு பொட்டுக்கூட வேண்டாம். பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளைத் தூர அனுப்புங்கள். வலி வந்தால் உருளைக்கிழங்கு வைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பருத்தி முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, மூடிய சப்பாத்து. நைலோன் உடுப்பு உருகித் தோலில் ஒட்டும். எங்கள் வெயிலில் வியர்த்து நனைந்த சட்டையோடு, ஈர மண்ணில் நின்று ஒட்டாதீர்கள், காய்ந்த பலகையில் நில்லுங்கள். நாகம் பூசிய தண்ணீர்க் குழாயைச் சூடாக்கினால் வெள்ளைப் புகை வரும். அதை மூச்சில் இழுத்தால் பின்னேரம் குளிர்காய்ச்சல் பிடிக்கும். பூச்சைத் தேய்த்துவிட்டு, காற்று உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வரும்படி நின்று செய்யுங்கள். வைக்கோல் போரும் மெசினும் ஒரே வளவில் இருப்பவர்கள் வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு, வேலை முடிந்த பிறகும் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள்.

சில வேலைகளைத் தொடவே கூடாது. டீசல், பெற்றோல், மருந்து இருந்த பரலும் தாங்கியும் காலியாக இருந்தாலும் வேண்டாம், உள்ளே நிற்கிற ஆவி வெடிக்கும். ரயர் பூட்டியிருக்கிற சில்லின் றிம்மைச் சூடாக்காதீர்கள், ரயர் வெடித்து ஆளைக் கொல்லும். உழவு இயந்திரத்தில் இழுவைப் பெட்டியைக் கொழுவுகிற இடமும் பிறேக் சம்பந்தப்பட்டதும் தொழில் தெரிந்தவர் கைக்குப் போகட்டும். அது கழன்றால் வீதியில் வருகிற யாரோ ஒருவரின் உயிர் போகும். கியர்பெட்டி உறை வார்ப்பிரும்பு, இந்த றொட்டுக்கு அது பிடிக்காது, ஆறும்போது பக்கத்திலேயே வெடிக்கும்.

இன்னொன்று, எங்கள் மண்ணில் மட்டும் சொல்லவேண்டியது. பழகுவதற்குத் துண்டு இரும்பு தேடிக் காட்டோரத்திலும் பழைய காவலரண் பக்கத்திலும் போகாதீர்கள், போரில் வெடிக்காமல் போனவை அங்கே கிடக்கலாம். என்னவென்று தெரியாத இரும்பை, அது வெறும் குழாய்போலத் தெரிந்தாலும், தட்டாதீர்கள், வெட்டாதீர்கள், நெருப்புக்குக் கிட்டக் கொண்டுவராதீர்கள். வயலில் கண்டால் இடத்தை அடையாளம் வைத்துவிட்டுப் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். பழைய இரும்பால் கை கால் இழந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அன்றைய சாப்பாட்டுக்காகத்தான் இரும்பு பொறுக்கினார். அதனால்தான் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். கடையில் நிறுத்து விற்கிற பட்டை இரும்பு இரண்டு கிலோ வாங்குங்கள்.

நான் முதலில் ஒட்டியது படலை. அடுத்தது லான்ட்மாஸ்ரரின், அதாவது இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின், இரும்புச் சில்லில் கழன்ற குறுக்குச் சட்டங்கள். கலப்பைக் காலைத் தொட ஒரு வருடம் சென்றது. 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்று, உதிரிப்பாகங்களின் விலையைக் கேட்டே திரும்பி வந்த நாட்களில் அந்தச் சின்ன மெசின் எங்கள் ஒழுங்கையில் எட்டு வீட்டுக்கு உழைத்தது.

இப்போது பக்கத்து வளவு அக்கா பழகுகிறா. தனியாக நின்று மூன்று ஏக்கர் செய்கிறவ, லான்ட்மாஸ்ரரும் அவவே ஓட்டுகிறா. போன ஞாயிறு அவ ஒட்டிய துண்டை நான் சுத்தியலால் ஏழு அடி அடித்தேன். இரும்பு வளைந்தது, ஒட்டு விடவில்லை. என்னுடைய கையுறைதான் அவவுக்குப் பெரிது, றொட்டைப் பிடிக்கும்போது விரல் வழுக்குகிறது. சின்ன அளவில் தோல் கையுறை கிளிநொச்சிக் கடைகளில் தேடிக்கொண்டிருக்கிறேன்.