குடியானவன் பெயரில் ஒரு வக்கீல்

தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் முக்கால் மணி நேரம் பேசியும் கைத்தட்டல் வாங்கிவிட்ட வழக்கறிஞர் சங்கச் செயலாளர் அவர்களே, நூலகர் அம்மா, மைக் செட்டை இரவல் வாங்கி வந்த தம்பி, எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசையில் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா உட்கார்ந்திருக்கிறார், அவரை வைத்துக்கொண்டு கோர்ட்டைப் பற்றிப் பேசக் கொஞ்சம் உதறல்தான். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுத்ததற்குத் தனி நன்றி.

பெலாரூஸ் எழுத்தாளர் பிரான்சிஷக் பகுஷேவிச் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: வாழ்க்கை, வக்கீல் தொழில், கவிதை. அதற்கு முன்னால் என் வழக்கமான பழமொழி. ஏழை சொல் அம்பலம் ஏறாது. சிரிக்கிறீர்கள், சரி, இன்றைக்கும் விடப்போவதில்லை.

வாழ்க்கையைச் சட்டென்று முடிக்கிறேன். 1840-இல் பிறந்தவர். 1863-இல் ரஷ்யப் பேரரசை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் சேர்ந்து காலில் காயம்பட்டு, உக்ரைன் பக்கம் போய் நேஜினில் சட்டம் படித்து, கோனோதோப் என்ற சின்ன ஊரில் பத்து வருடத்துக்கு மேல் கோர்ட் விசாரணை அதிகாரியாக இருந்துவிட்டு, 1884-இல் வில்னாவுக்கு வந்து வக்கீலானார். இன்றைய வில்னியஸ்தான் அது. கோர்ட்டில் ரஷ்ய மொழி. வழக்கு என்று வரும் குடியானவன் வாயில் பெலாரூஸ் மொழி. அம்பலம் இருக்கிறது, ஏறுவதற்குப் படிதான் இல்லை.

அந்தப் பேச்சில் அவர் கவிதை எழுதினார். அதைப் பேரரசுக்குள் அச்சடிக்க வழியில்லை. எல்லை தாண்டி, ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த கிராக்கோவில் 1891-இல் புத்தகம் வந்தது. பெயர் 'பெலாரூஸ் குழல்'. அட்டையில் வக்கீல் பெயர் இருக்குமா? கிடையாது. மாத்சேய் புராச்சோக் என்று ஒரு குடியானவன் பெயர். முன்னுரையில் அந்த மாத்சேய்தான் நம்மிடம் பேசுகிறான்: நம்ம பேச்சு வெறும் பட்டிக்காட்டுப் பேச்சு என்றுதான் நானும் நினைத்திருந்தேன், அப்புறம் பழைய தாள்களைப் படித்தேன், இருநூறு முந்நூறு வருடத்துக்கு முன்னால் பெரிய பிரபுக்கள் எழுதியவை, அத்தனையும் நம்ம மொழி, இப்போது எழுதியது போல இருக்கிறது என்கிறான். யோசித்துப் பாருங்கள், பழைய தாளைப் புரட்டியவர் வக்கீல், ஆச்சரியப்படுகிறவன் குடியானவன்! அவர் சொன்னது கதையில்லை. 1588-இல், பெலாரூஸ் மண்ணும் அடங்கியிருந்த லித்துவேனியப் பெருநாட்டின் சட்டநூலே அந்த மொழியின் பழைய வடிவத்தில்தான் அச்சானது. எங்கே? அதே வில்னாவில். சட்டம் பேசிய மொழிக்கு முந்நூறு வருடம் கழித்துக் கூண்டில்கூட இடமில்லை.

அதனால்தான் நான் வருடக்கணக்காகக் கத்துகிறேன்: இந்த நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மேசை போடுவோம். மனு எழுதத் தெரியாதவர் தன் வாயால் சொல்லட்டும், நாம் அப்படியே எழுதி, திரும்பப் படித்துக்காட்டி, புரிந்தபின் கையெழுத்து வாங்குவோம். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று உட்கார்ந்திருக்காமல் ஒரு ஸ்டூலாவது போடுவோம். நீதிபதி ஐயா தலையாட்டுகிறார், தூக்கக் கலக்கம் இல்லையே?

கவிதை பாக்கி. தலைவர் மணியடித்துவிட்டார். 1894-இல் இரண்டாவது தொகுப்பு வந்தது, 1900-இல் குஷ்லியானி என்ற ஊரில் காலமானார் என்பதோடு நிறுத்துகிறேன். வாசல் பக்கம் ஒரு நோட்டு இருக்கிறது, பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன். மேசைக்கு வரமுடிந்தவர்கள் பெயர் எழுதிவிட்டுக் காபிக்குப் போங்கள்.