க்ளிப் சிகிச்சையின் நடுவில் மருத்துவரை மாற்றினேன்: சிடியைத் திறக்கத்தான் இடமில்லை!

வணக்கம். சென்ற காணொளியில் பாதியில் நிறுத்திய செய்தியை இன்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் க்ளிப் சிகிச்சை பார்த்துக்கொண்டிருந்த இடத்தை விட்டுவிட்டு, இங்கே கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பல் சீரமைப்பு மருத்துவரிடம் மாறிவிட்டேன். மேல் கம்பியும் நேற்றுதான் மாற்றப்பட்டது. அதனால் சில எழுத்துகள் வாயில் வழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் மாறினேன் என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முந்தைய இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். நீங்களும் கமெண்டில் ஊகித்து எழுத வேண்டாம். எனக்கு க்ளிப் போட்டவர், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியூரிலிருந்து வந்து போகும் நிபுணர். அவர் வருவது நின்றுபோன செய்தியை அங்கே யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு யாரோ ஒருவர் வந்து, கம்பியைப் பிடித்திருக்கும் குட்டி ரப்பர் வளையங்களை மாற்றி, இடைவெளியை மூடப் பற்களை இழுக்கும் ரப்பர் சங்கிலியான பவர் செயினைப் புதிதாக இழுத்து மாட்டி, "அடுத்த மாசம் வாம்மா" என்று அனுப்பிவிடுவார். ஐந்தாண்டு பி.டி.எஸ். முடித்து, அதற்கு மேல் மூன்றாண்டு இந்தத் துறையிலேயே எம்.டி.எஸ். படித்த ஒருவர் சொன்னார் என்று நம்பித்தான், சொத்தை இல்லாத இரண்டு மேல் பற்களைப் பிடுங்கச் சம்மதித்தேன். அந்த இடைவெளியை மூடும் வேலையை மட்டும் அன்றைக்கு யார் கைக்குக் கிடைத்ததோ அவர் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையில் முள்ளோடை தாண்டி அரியாங்குப்பம் வரை நின்றுகொண்டே பேருந்தில் போய், ஐந்து நிமிடத்தில் ரப்பர் மாற்றிக்கொண்டு திரும்புவது எனக்கு அறவே பிடிக்காமல் போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் குட்டித் துண்டுதான் பிராக்கெட்; பெயர்ந்து விழும் ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் 500 ரூபாய் வாங்கினார்கள். முறுக்கு கடித்து விழுந்தால் நான் கொடுக்கத் தயார். இட்லி சாப்பிடும்போது விழுந்ததற்கும் 500 ரூபாய் என்றால் அது பசையின் குறையா, இட்லியின் குறையா?

சரி, சிகிச்சைப் பதிவுகளுக்கு வருகிறேன். மருத்துவரை மாற்ற நினைப்பவர்கள் எல்லோரும் புது மருத்துவர் எப்படிப்பட்டவர், எவ்வளவு கேட்பார் என்றுதான் என்னிடம் விசாரிக்கிறீர்கள். பழைய இடத்திலிருந்து எதை வாங்கி வர வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. க்ளிப் போடுவதற்கு முன் எடுத்த முழுத்தாடை எக்ஸ்ரே, பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே, புகைப்படங்கள், மாவில் எடுத்த பல் அச்சு, ஒவ்வொரு முறையும் என்ன செய்தார்கள் என்று எழுதிய அட்டை ஆகியவற்றை நான் எழுத்து மூலமாகவே கேட்டேன். "எல்லாம் பழசும்மா, அங்கே போய்ப் புதுசா எடுத்துக்கோங்க" என்று வரவேற்பில் இருந்த அக்கா சொன்னார். எனக்கு எரிச்சல் வந்தது அந்தப் பதிலில்தான். இன்று எடுக்கும் எக்ஸ்ரே, நகர்ந்துவிட்ட பல்லைத்தான் காட்டும். அந்தப் பல் எங்கிருந்து கிளம்பியது, முன்பற்கள் எவ்வளவு தூக்கியிருந்தன, தாடை எப்படி அமைந்திருந்தது என்பதையெல்லாம் பழைய படத்தைத் தவிர வேறு எதிலும் பார்க்க முடியாது. பிடுங்கிய பல்லைத் திரும்ப முளைக்க வைத்துப் படம் எடுக்கவா முடியும்?

கடைசியில் அட்டையின் நகலும், மேல்வரிசை அச்சும், ஒரு சிடியும் கிடைத்தன. கீழ்வரிசை அச்சைத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். இந்தச் சிடியைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன். அவசரம் என்பவர்கள் காணொளியை நகர்த்திக்கொள்ளலாம்.

என் மடிக்கணினியில் சிடி போடும் வசதி இல்லை. அண்ணனுடையதிலும் இல்லை. புது மருத்துவரின் கணினி சென்ற ஆண்டுதான் வாங்கியது, அதிலும் இல்லை. ஜெராக்ஸ் கடையில் கேட்டபோது, "சிடியா, அதெல்லாம் யாருமா இப்ப வச்சிருக்கா?" என்று சிரித்தார்கள். இதற்காக 1,500 ரூபாய் கொடுத்துத் தனி டிரைவ் வாங்குவதற்கு அம்மா ஒப்புக்கொள்ளவில்லை, எனக்கும் மனம் வரவில்லை. அப்போதுதான், கல்யாண ஆல்பம் போடுகிறவர்களிடம் பழைய கணினி இருக்குமே என்று அம்மாவுக்குத் தோன்றியது. திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலைப் பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். அங்கிருந்த அண்ணன், மேசைக்கு அடியில் தூசி படிந்து கிடந்த கணினியை இழுத்து வைத்து இயக்கினார். பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வரவில்லை. அவர் கொஞ்சமும் பதறாமல் ஜெம் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, தட்டுக்குக் கீழே இருந்த ஊசித் துளையில் நுழைத்து மெதுவாகத் தள்ளினார்; தட்டு நகம் நுழையும் அளவுக்கு வெளியே வந்தது, மீதியைக் கையால் இழுத்தார். சிடியில் கீறல் இருந்ததால் படம் பாதியில் நின்றது. லென்ஸ் துடைக்கும் துணியால், வட்டமாகத் தேய்க்காமல், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்து மறுபடி போட்டார். திரையில் என் பழைய தாடை முழுதாக வந்து நின்றபோது நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றித் தந்துவிட்டு 30 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஒரு பிராக்கெட்டுக்கு 500 ரூபாய் கொடுத்தவள் நான், அந்த 30 ரூபாயை எவ்வளவு மகிழ்ச்சியாகக் கொடுத்திருப்பேன் என்று எண்ணிப் பாருங்கள்.

பென் டிரைவைப் பார்த்ததும் புது மருத்துவர் முதலில் முழுத்தாடை எக்ஸ்ரேயை எடுத்தார். க்ளிப் போட்டவர்களில் சிலருக்குப் பல் வேரின் நுனி கரைந்து குட்டையாவது உண்டு. புதிதாக எடுத்த படத்தைப் பழையதன் அருகில் வைத்து, மேல் முன்பற்களின் வேர் நீளத்தை ஒப்பிட்டுப் பார்த்து, கவலைப்படும்படி ஒன்றும் இல்லை என்றார். பழைய படம் இல்லாதிருந்தால் என் வேர் இயல்பிலேயே இவ்வளவுதானா, கரைந்து இவ்வளவு ஆனதா என்று உறுதியாகச் சொல்லியிருக்க முடியாதாம்.

அட்டையில் இருந்த ஒரு வரி எனக்கு இன்னும் பெரிய செலவை மிச்சப்படுத்தியது. எம்.பி.டி., 022 என்று எழுதியிருந்தது. 022 என்பது பிராக்கெட்டின் நடுவில் கம்பி உட்காரும் பள்ளத்தின் அளவு, அதாவது 0.022 அங்குலம். 0.018 அங்குலப் பள்ளம் உள்ளவையும் உண்டு. அவற்றுக்கான கம்பி வரிசை வேறு. எம்.பி.டி. என்பது பல் எவ்வளவு சாய வேண்டும் என்பதைப் பிராக்கெட்டிலேயே வடித்து வைத்திருக்கும் ஒரு முறை. மேல் கோரைப்பல்லுக்கு இதில் 8 பாகை. ராத் என்ற இன்னொரு முறையில் 13 பாகை. புது மருத்துவரும் எம்.பி.டி. 022 பயன்படுத்துகிறவர் என்பதால், அத்தனை பிராக்கெட்டையும் பெயர்த்து மறுபடி ஒட்டும் வேலை இல்லாமல் போயிற்று.

கம்பி விஷயத்தில்தான் அவர் முகம் மாறியது. என் வாயில் இருந்தது நிக்கல் டைட்டானியத்தால் ஆன மெல்லிய உருண்டைக் கம்பி. எவ்வளவு வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும் அந்தக் கலவை, 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் ஒன்றில் கண்டறியப்பட்டு, 1970களில் பல் சிகிச்சைக்கு வந்தது. கோணல் மாணலாக இருக்கும் பற்களை முதலில் வரிசைக்குக் கொண்டுவர அது அருமையான பொருள். ஆனால் இடைவெளியை மூட அதன் மேல் பவர் செயினை இழுத்து மாட்டினால், கம்பி வளைந்துகொடுக்கும். பல் வேரோடு நகராமல் தலை மட்டும் சாயும். மாதாமாதம் நான் போடும் அளவுகோல் படங்களைப் பார்த்துவிட்டு, 'கோரைப்பல் படுத்துக்கொண்டே போகிறதே' என்று உங்களில் சிலர் எழுதியது நினைவிருக்கிறதா? அது சரிதான். செயினைக் கழற்றிவிட்டு, செவ்வக நிக்கல் டைட்டானியக் கம்பி போட்டிருக்கிறார். பல் நிமிர்ந்த பிறகு 19க்கு 25, அதாவது 0.019க்கு 0.025 அங்குலம் என்ற கனமான ஸ்டீல் கம்பி, அதன் பிறகுதான் மறுபடி செயின். அதுவரை இடைவெளி சற்று அகன்றதுபோலத் தெரியும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். இப்படி முன்கூட்டிச் சொல்லும் மருத்துவரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

ரப்பர் நிறத்தை மறந்தே போனேன். உங்கள் வாக்கெடுப்பில் நிறமற்ற ரப்பர் வென்றது, ஆனால் நான் போடவில்லை. சாம்பார் மஞ்சள் ஒரே வாரத்தில் அதைக் கறையாக்கிவிடும். இரண்டாம் இடம் பிடித்த மயில் நீலம்தான் இப்போது வாயில் இருக்கிறது.

பணம். பழைய பேக்கேஜ் 38,000 ரூபாய். அதில் 30,000 கட்டிவிட்டேன். எந்த வேலைக்கு எவ்வளவு என்று பிரிக்காத பேக்கேஜாக இருந்ததால், முடியாத வேலைக்கு உரியதைத் திரும்பக் கேட்டபோது, "பேக்கேஜில் ரீஃபண்ட் கிடையாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். புது இடத்தில் மீதி சிகிச்சைக்கு 20,000. க்ளிப்பைக் கழற்றிய பிறகு பற்கள் நகராமல் பிடித்துவைக்கும் ரீடெய்னருக்குத் தனியாக 3,000. பெயர்ந்த பிராக்கெட்டுக்குக் கட்டணம் இல்லை. மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டேன். முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்றிருந்த சிதம்பரம் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ, கோரிமேட்டில் இருக்கும் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனத்துக்கோ போயிருக்கலாமே என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. கல்லூரிகளிலும் படிப்பு முடிந்ததும் மருத்துவர் மாறுவார், ஆனால் அட்டையும் படமும் அதே இடத்தில் இருக்கும். வேலை நாளில் விடுப்பு எடுக்க முடிந்திருந்தால் அங்கேதான் போயிருப்பேன்.

கீழ்வரிசை அச்சு இன்று காலையில் கிடைத்துவிட்டதாகப் பழைய இடத்திலிருந்து வாட்ஸப்பில் படம் அனுப்பியிருக்கிறார்கள். அந்த அச்சில் ஒரு பக்கம் கடைவாய்ப்பல்லே இல்லை. எனக்குக் கீழே எல்லாப் பல்லும் இருக்கின்றன. இது வேறு யாருடையதோ, அச்சின் அடியில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து உரியவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது.