தாத்தாவின் கடிகாரத்தில் எத்தனை பவுன்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நகை மதிப்பீடு எனக்குத் தொழில். அப்பா பத்தர். உரைகல்லும் உமி ஓடும் பார்த்து வளர்ந்தவன் நான். வளையல், சங்கிலி, தோடு என்று யார் கொண்டுவந்தாலும் கை பழகிவிட்டது. ஆனால் பழைய தங்கக் கடிகாரம் ஒன்று மேசைக்கு வந்தால் இன்றைக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். கொண்டுவருபவர்களும் ஏமாறுகிறார்கள், வாங்குகிற கடைக்காரர்களும் தவறுகிறார்கள் என்பதால், அந்தக் கணக்கை இன்று உங்களோடு சேர்ந்தே போட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

ஒரு அம்மா வந்தார். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். முந்தானையில் முடிந்து கொண்டுவந்தது தாத்தாவின் பாக்கெட் கடிகாரம், இருபக்கமும் மூடி போட்டது, கூடவே கனத்த சங்கிலி. "ஐயா, கடிகாரத்தை மட்டும் நிறுத்துப் பார்த்தேன், தொண்ணூத்திரண்டு கிராம் காட்டுச்சு. பதினொன்றரைப் பவுன் தேறுமில்லீங்களா?" என்றார். அதற்கு முதல்நாள் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். திறந்துகூடப் பார்க்காமல், "வாட்ச் கேஸெல்லாம் கவரிங்தாம்மா" என்று சொல்லி ஒரு தொகை கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்ன பதினொன்றரையும் சரியில்லை, கடைக்காரர் சொன்ன கவரிங்கும் சரியில்லை.

முதலில் முத்திரை. பின்மூடியைத் திறந்து உட்பக்கத்தை லென்ஸில் பார்த்தேன். '14K', '0,583' என்று இருந்தது. 14 காரட், அதாவது ஆயிரத்தில் 583 பங்கு தங்கம் என்று பொருள். பக்கத்தில் கடுகளவு ஓர் அணில். சிரிக்காதீர்கள், அந்த அணில்தான் சாட்சி. சுவிட்சர்லாந்தில் 1880-ல் கடிகாரக் கூடுகளின் மாற்றை, அதாவது தங்கத்தின் தரத்தைச் சோதிக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். 14 காரட் கூட்டுக்கு அணில், 18 காரட்டுக்கு ஹெல்வெடியா என்ற பெண்ணின் முகம் என்று முத்திரை வைத்தார்கள். இங்கிலாந்துக் கூடு என்றால் 18 அல்லது '9 .375' (9 காரட், ஆயிரத்தில் 375 பங்கு தங்கம்) போன்ற எண்ணோடு ஊர் அடையாளம் இருக்கும், பர்மிங்காமுக்கு நங்கூரம்.

இனி ஏமாற்றும் எழுத்துகள். '20 ஆண்டு உத்தரவாதம்' என்று கூட்டில் பொறித்திருந்தால் பலருக்கு மகிழ்ச்சி வருகிறது. முழுத் தங்கத்துக்கு எதற்கு ஐயா உத்தரவாதம்? மேலே போர்த்திய தங்கத் தகடு அத்தனை ஆண்டு தேயாது என்பதற்குத்தான் அந்த வாக்கு. டென்னிசன் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் கூடுகள் சிலவற்றில், இரண்டு தங்கத் தகடுகளுக்கு நடுவே கலப்பு உலோகத் தகடு வைத்துச் செய்தது என்று நேர்மையாகவே எழுதியிருப்பார்கள். ஆங்கிலத்தில் இருப்பதால் நம் வீடுகளில் யாரும் படிப்பதில்லை. 'கோல்டு ஃபில்டு', 'ரோல்டு கோல்டு' என்பதும் இந்த வகைதான். கைக்கடிகாரத்தில் '20 மைக்ரான்' என்று இருந்தால் முலாம். 20 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. பின்பக்கம் எவர்சில்வராக இருந்து முன்வளையம் மட்டும் முலாம் பூசியதென்றால், சுரண்டி எடுத்தாலும் அரை கிராம் தேறுவது கடினம்.

அந்த அம்மாவின் கடிகாரத்துக்கு வருவோம். வாட்ச் ரிப்பேர் செய்யும் நண்பர் ஒருவரை வரவழைத்தேன். கத்தியை நுழைத்து நெம்புகிற வேலை நமக்கு வேண்டாம். மூடியின் கீல் உடைந்தால் விலையும் உடையும். அவர் மெஷினைக் கழற்றினார். டயல், முள் எல்லாம் சேர்ந்து 36 கிராம். மிச்சம் 56. கண்ணாடி 4 கிராம் போனது. உள்ளே தூசி புகாமல் இருக்க இன்னொரு மூடி இருக்கும். பளபளவென்று தங்கமாகவே தெரியும். இவருடையதில் ஓரத்தில் பொடி எழுத்தில் 'மெட்டல்' என்று பொறித்திருந்தது. வெறும் பித்தளை, 10 கிராம்! பிறகு மூடியைத் துள்ளித் திறக்கவைக்கும் எஃகு ஸ்பிரிங்குகள், கீல் ஊசி, சாவி கொடுக்கும் குமிழின் உட்பகுதி எல்லாம் 4 கிராம். கடைசியில் தட்டில் நின்ற தங்கக் கலவை 38 கிராம்.

முத்திரையை மட்டும் நம்பி நான் கையெழுத்துப் போடமாட்டேன். கீல் ஊசியை உருவி வெளி மூடியைத் தனியே எடுத்தோம். எடை 13.2 கிராம். ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கினேன். மூடியை நூலில் கட்டித் தண்ணீரில் முழுக விட்டேன், அடியிலும் ஓரத்திலும் படாமல். தராசு 1.00 காட்டியது. அது மூடியின் கனஅளவு, ஒரு கன சென்டிமீட்டர். 13.2-ஐ அதால் வகுத்தால் 13.2. பதினான்கு காரட் மஞ்சள் தங்கத்தின் அடர்த்தி 13-ஐ ஒட்டியே இருக்கும். 18 காரட் என்றால் 15-க்கு மேல் வரும். பித்தளை எட்டரைதான், அதே எடையுள்ள பித்தளை மூடி ஒன்றரைக்கு மேல் காட்டியிருக்கும். குமிழி ஒட்டினால் கணக்கு கெடும், சோப்புத் தண்ணீரில் ஒரு முறை அலசிக்கொள்ளுங்கள். இரண்டாவது தசம இடம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும், வீட்டிலேயே செய்யலாம். கடைகளில் இருக்கும் எக்ஸ்ரே காரட் மீட்டர் மேல்தோலைத்தான் படிக்கும். கனமாகத் தகடு போர்த்திய கூட்டை அது முழுத் தங்கம் என்றே சொல்லிவிடும். தண்ணீரிடம் அந்த ஏமாற்று நடக்காது.

இப்போது பெருக்கல். 38 கிராமை 0.583-ஆல் பெருக்கினால் சுத்தத் தங்கம் 22.15 கிராம். நம் ஊர் பேப்பரில் போடும் விலை 22 காரட்டுக்கு, அதில் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்பதால் 0.916-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 24.2 கிராம் வருகிறது. அதாவது மூன்று பவுன், கொஞ்சம் கூட. பதினொன்றரை எங்கே, மூன்று எங்கே என்று அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. ஆனால் முதல்நாள் கடையில் கேட்ட தொகை அரைப் பவுனுக்குக்கூடக் காணாது. அதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒரு துண்டுச் சீட்டில் எல்லா எடையும் எழுதிக் கொடுத்தேன். உருக்கும்போது ஏற்படும் கழிவு, கடைக்காரர் லாபம் என்று கொஞ்சம் பிடிப்பார்கள், அது நியாயம். ஆனால் இந்த மூன்று பவுன் என்பது கடிகாரத்தின் அடிமட்ட விலைதான். 1980 ஜனவரியில் லண்டனில் அவுன்ஸ் 850 டாலர் வரை தங்கம் ஏறியபோது எத்தனையோ நல்ல கூடுகள் உலைக்குப் போயின. கூடில்லாத மெஷின்கள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் அநாதையாகக் கிடக்கின்றன. பட்டேக் பிலிப், வஷெரோன் கான்ஸ்டன்டின் போன்ற பெயர் மெஷினில் இருந்துவிட்டால் தங்கத்தின் விலை அதன் காலடிக்கு வராது. எனவே உருக்குவதற்கு முன் மெஷினிலும் கூட்டிலும் உள்ள பெயர், எண் எல்லாவற்றையும் படம் எடுத்து, பழங்கடிகாரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். இது எனக்கு மிகவும் மனத்தில் படுகிற விஷயம். உருகிய கூட்டை யாரும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இந்தக் கடிகாரத்தின் மெஷின் சாதாரணமானதுதான், ஆனால் நல்ல நிலையில் ஓடியது. அப்போதுதான் சங்கிலியை எடுத்தேன். ஒவ்வொரு கண்ணியிலும் தனித்தனியாக '9 .375'. இங்கிலாந்துக்காரர்கள் கடிகாரச் சங்கிலியில் இப்படித்தான் கண்ணிக்குக் கண்ணி முத்திரை வைப்பார்கள். ஸ்பிரிங் இருக்கும் கொக்கியைக் கழித்து 40 கிராம். 0.375-ஆல் பெருக்கினால் 15 கிராம் சுத்தத் தங்கம். 22 காரட் கணக்கில் இரண்டு பவுனுக்கு மேல்.

"கட்டணத்துக்கு இது போதுமே ஐயா" என்றார். சங்கிலியை மட்டும், கண்ணெதிரே உருக்கி எடைபோடும் இடத்தில் கொடுத்தார். கடிகாரத்தின் மூடிக்குக் கீல் ஊசி போட்டு, பித்தளை மூடியையும் மெஷினையும் என் நண்பர் அன்று மாலையே பழையபடி பூட்டிக் கொடுத்துவிட்டார்.

நன்றி, வணக்கம்.