ஆணி அடித்தவர்களின் மலை

அனைவருக்கும் வணக்கம்.

பேச ஆரம்பிக்கும் முன் ஒரு காசைத் தருகிறேன். முன்வரிசையிலிருந்து அப்படியே பின்னால் கைமாற்றிக்கொண்டே போங்கள். ஸ்லோவேனியா வெளியிட்ட ஐம்பது சென்ட் யூரோ அது. அதில் ஒரு மலை தெரியும். அந்த நாட்டுக் கொடியில் இருப்பதும் அதே மலைதான். பெயர் திரிக்லாவ். உயரம் 2864 மீட்டர். திரிக்லாவ் என்றால் மூன்று தலை. நம் திரிசூலத்தில் வருகிற அதே ‘திரி’. வடமொழிக்கும் ஸ்லோவேனிய மொழிக்கும் பாட்டி ஒருத்திதான் என்று படித்திருக்கிறேன். ஆனாலும் ஆல்ப்ஸ் மலையடிவாரத்துப் பெயர்ப்பலகை ஒன்றில் அந்தச் சொல்லைப் பார்த்தபோது, தெரிந்தவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

2864 மீட்டர் என்றதும் சிலர் மனதுக்குள் கணக்குப் போடுவீர்கள். தொட்டபெட்டா 2637. இருநூற்றுச் சொச்சம் மீட்டர்தானே அதிகம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். தொட்டபெட்டாவுக்குக் காரில் போய் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வரலாம். இங்கே க்ர்மா என்கிற பள்ளத்தாக்கில் சுமார் 900 மீட்டர் உயரத்தில் வண்டி நின்றுவிடும். மிச்சத்தை நம் கால்தான் ஏற வேண்டும். அதுவும் பூமத்திய ரேகையிலிருந்து அவ்வளவு வடக்கே. ஜூன் மாதத்திலும் மேலே பனி கிடக்கும்.

க்ர்மா வழிதான் இருப்பதில் சுலபமானது என்பார்கள். சுலபம், ஆனால் நீளம். முதலில் பீச் மரக் காடு, பழம் தருகிற பீச் இல்லை, இது வேறு. ஏற ஏற ஊசியிலை மரங்கள். அதற்கும் மேலே இடுப்பளவுக்குத் தரையோடு படர்ந்து கிடக்கும் குட்டைப் பைன். அதுவும் முடிந்தால் வெறும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல். தண்ணீர் இருக்காது. அங்கே மழைக்குக் குறைவே கிடையாது, ஆனால் விழுகிற தண்ணீரெல்லாம் பாறை வெடிப்புக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் மேலே உள்ள விடுதிகளில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கும்போது விலையைப் பார்க்கக் கூடாது.

இதெல்லாம் திரிக்லாவ் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. 1924இல் ஏழு ஏரிகள் இருக்கும் ஒரு பள்ளத்தாக்கை மட்டும் காப்பிடம் ஆக்கினார்கள். 1981இல் அதைப் பெரிதாக்கி ஏறக்குறைய 840 சதுர கிலோமீட்டர் ஆக்கினார்கள். ஷமாய் என்று ஒரு விலங்கு அங்கே உண்டு, நம் வரையாட்டுக்குத் தூரத்துச் சொந்தம். ஆள் நடமாட்டம் தெரிந்தால் மூக்கால் விசில் அடித்துவிட்டு ஓடும். பூங்காவுக்குள் கண்ட இடத்தில் கூடாரம் போடக் கூடாது, அந்த ஏரிகளில் இறங்கிக் குளிக்கவும் கூடாது. ஓர் ஏரியில் யாரோ மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன் அதில் மீனே கிடையாது. தெளிந்து கிடந்த தண்ணீரில் இன்று பாசி.

சரி, மலைக்கு வருகிறேன்.

நான் முதல் தடவை போனபோது ஏறவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். உச்சிக்குக் கீழே 2515 மீட்டரில் க்ரெடாரிட்சா என்று ஒரு விடுதி. வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு அவர்கள் தருகிற செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். பார்லி கஞ்சி, ரொட்டி, அப்புறம் வரிசையாகப் படுக்கைகள். பக்கத்தில் படுத்திருப்பவரின் குறட்டை இலவசம். விடிந்து பார்த்தால் சன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மூடுபனி. விடுதியில் இருந்த அம்மா வானத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பத்து மணிக்கு இடி முழங்க ஆரம்பித்தது. அன்றைக்கு இறங்கிவிட்டேன். அங்கிருந்து உச்சிக்கு ஒரு மணி நேரத்து ஏற்றம்தான். ஆனால் வழி முழுக்க இரும்பு ஆணியும் கம்பி வடமும். மின்னல் வெட்டும்போது அந்த இரும்பில் கை வைத்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். கோடையில் மதியத்துக்குமேல் அங்கே இடி வருவது வழக்கம். அதனால்தான் விடியும் முன்பே கிளம்புகிறார்கள்.

அடுத்த வருடம் ஆகஸ்டில் மறுபடி போனேன். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

அந்த ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தலையில் ஹெல்மெட். இடுப்பையும் தொடையையும் சுற்றி ஒரு பட்டை. அதிலிருந்து இரண்டு வார்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் காரபினர் என்கிற கொக்கி. பாறையில் கம்பி வடம் ஓடுகிறது. அதைச் சில அடிக்கு ஓர் ஆணி பிடித்திருக்கிறது. ஆணி வந்ததும் ஒரு கொக்கியைக் கழற்றி அடுத்த பக்கம் மாட்டு. அது மாட்டியாயிற்றா என்று பார். அப்புறம்தான் இரண்டாவதைக் கழற்று. எந்த நேரத்திலும் ஒரு கொக்கி வடத்தில் இருந்தே ஆக வேண்டும். இரண்டு ஆணிக்கு நடுவே ஓர் ஆள்தான். முன்னால் போகிறவர் தவறி விழுந்தால் கீழே இருக்கும் நம்மையும் சேர்த்து அடித்துக்கொண்டு போவார். டக், டக் என்று அந்தச் சத்தம் மட்டும்தான் காதில் விழும். சின்னத் திரிக்லாவ் என்கிற துணைச் சிகரத்தைத் தாண்டினால் கத்தி முனை மாதிரி ஒரு முகடு. இரண்டு பக்கமும் பள்ளம். கால் வைக்கிற கல் பல்லாயிரம் பூட்ஸ் தேய்த்து, சந்நிதிப் படி மாதிரி வழுவழுப்பாக இருக்கிறது.

ஓர் இடத்தில் ஆணியைப் பிடித்தபடி மூச்சு வாங்க நின்றேன். சில்லென்ற இரும்பு, உள்ளங்கை பட்டுப் பட்டுப் பளபளத்திருந்தது. இதை யார் அடித்தார்கள் என்று அப்போதுதான் தோன்றியது. நான் தொங்கிக்கொண்டு நிற்கிற இதே இடத்தில், தொங்க எதுவும் இல்லாதபோது ஒருவர் நின்று சுத்தியலால் அடித்திருக்கிறார் அல்லவா?

1778 ஆகஸ்ட் 26 அன்று முதன்முதலில் ஏறிய நால்வரும் பிரபுக்கள் அல்லர். ஒருவர் மருத்துவர், ஒருவர் வேட்டைக்காரர், மற்ற இருவர் சுரங்கத் தொழிலாளிகள். அவர்களைத் தூண்டி அனுப்பியவர் சிகா சோய்ஸ் என்கிற இரும்பாலை முதலாளி. ஆல்ப்ஸிலேயே உயரமான மோன் பிளாங்க் உச்சியில் மனிதன் கால் வைத்தது அதற்கு எட்டு வருடம் கழித்துத்தான். போஹின் ஏரிக்கரையில் அந்த நால்வருக்கும் சிலை இருக்கிறது. அதில் ஒருவர் மலையைக் கைகாட்டிக்கொண்டு நிற்கிறார்.

அப்புறம் யாகோப் அல்யாஷ். எனக்கு மிகவும் பிடித்த ஆள். டோவ்யே என்கிற கிராமத்துப் பாதிரியார், பாட்டுக்கு இசை அமைப்பவர். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் காலம் அது. மலையில் விடுதிகளும் பலகைகளும் பெரும்பாலும் ஜெர்மன்காரர்களின் சங்கங்களுடையவை. ஸ்லோவேனியர்கள் தங்களுக்கென்று மலையேற்றச் சங்கம் ஆரம்பித்தது 1893இல்தான். அல்யாஷ் என்ன செய்தார் தெரியுமா? மலை உச்சியை விலைக்கு வாங்கினார்! ஊர் நிர்வாகத்திடம் சொற்பப் பணம் கொடுத்து, முறையாக. சிறிய உருளைக் கோபுரம் ஒன்றைத் தகரவேலைக்காரரிடம் செய்யச் சொன்னார். பகுதி பகுதியாக அதை முதுகில் சுமந்து போய் 1895 ஆகஸ்ட் 7 அன்று உச்சியில் நிறுத்தினார்கள். நாலைந்து பேர் நெருக்கி நிற்கலாம், அவ்வளவுதான். ஸ்லோவேனியா யூகோஸ்லாவியாவின் பகுதியாக இருந்த காலத்தில் அதற்குச் சிவப்புச் சாயம் அடித்து மேலே நட்சத்திரம் வைத்திருந்தார்கள். 2018இல் பழுதுபார்க்க ஹெலிகாப்டரில் கீழே இறக்கி, மறுபடி கொண்டுபோய் வைத்தார்கள். அரசுகள் மாறின, தகரம் நிற்கிறது.

ஸ்லோவேனியராகப் பிறந்தவர் வாழ்நாளில் ஒரு முறையாவது திரிக்லாவ் ஏற வேண்டும் என்பார்கள், நம் ஊரில் காசிக்குச் சொல்வது போல. முதல்முறை ஏறியவருக்கு உச்சியில் ஒரு சடங்கும் உண்டு. குனியவைத்துக் கயிற்றால் பின்புறத்தில் அடிப்பார்கள். எனக்கும் விழுந்தது. ஐம்பது வயதுக்குமேல், முன்பின் தெரியாத ஒரு கல்லூரிப் பெண்ணின் கையால், கூட்டமே கைதட்ட. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

உச்சியிலிருந்து கீழே பார்த்தால் ஓர் அழுக்குப் பனித்திட்டு தெரியும். பனியாறு என்றார்கள், நான் நம்பவில்லை. அதைப் ‘பச்சைப் பனி’ என்று அழைத்த காலம் ஒன்று இருந்தது. 1946இல் அளக்கத் தொடங்கியபோது 14 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. இன்று அரை ஹெக்டேர்கூட இல்லை. அளப்பவர்கள் இன்னும் வருடந்தோறும் போகிறார்கள். போய்த் தினமும் தேய்கிற ஒன்றை அளந்துவிட்டு வருவதற்கும் ஒரு மனசு வேண்டும்.

இறங்கும்போது முழங்கால் கெஞ்சியது. காட்டுக்குள் வந்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நினைத்த இடத்தில் ஒரு பெரியவர் பாறைமுன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எழுபது வயது இருக்கும். அந்த நாட்டில் வழிக்குறி என்பது சிவப்பு வளையம், நடுவே வெள்ளைப் பொட்டு. 1922இல் க்னாஃபெல்ட்ஸ் என்பவர் கொண்டுவந்தது, அவர் பெயரால்தான் வழங்குகிறது. பத்தாயிரம் கிலோமீட்டர் மலைப்பாதைகளில் இந்தக் குறியைப் போட்டுக் காப்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். ஆணி தளர்ந்தால் இறுக்குவதும், சரிந்த படியைக் கட்டுவதும் அவர்கள்தான். இவர் அவர்களில் ஒருவர். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. பெயின்ட் டப்பாவை என்னிடம் நீட்டினார், பிடித்துக்கொண்டு நின்றேன். பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டினார். பழைய வளையத்தின் மேலேயே, வாயைக் குவித்துக்கொண்டு, கோடு தப்பாமல் சிவப்பைப் போட்டார். நடுவே வெள்ளையை வைத்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து பார்த்தார். அப்புறம் என் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டு, நான் இறங்கி வந்த வழியில் மேலே நடக்க ஆரம்பித்தார். என் கட்டைவிரலில் ஒட்டிய சிவப்பு ஊர் வந்து சேர்ந்து நான்கு நாள் கழித்துத்தான் போனது.