மணலில் குளிக்கும் செல்லம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு தீபாவளியன்று காலை ஒன்பது மணி இருக்கும். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு என் கால்நடை மருத்துவமனைக்கு வந்தாள். தலையில் சீயக்காய் மணம், புதுப் பாவாடை. கையில் சுருட்டிய துவாலை. அதைப் பிரித்தால், ரோமமெல்லாம் உடம்போடு ஒட்டிப்போய், கண்மூடிக் கிடந்தது ஒரு குட்டை ஹாம்ஸ்டர், எலி போன்ற ஒரு சிறு வளர்ப்புப் பிராணி. வீட்டில் எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்திருக்கிறார்கள். அதற்கும் தீபாவளிதானே என்று ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டியிருக்கிறாள். "முதலில் நடுங்கிக்கொண்டே இருந்தது டாக்டர். இப்போது நடுங்கவும் இல்லை" என்றாள்.

நடுக்கம் நின்றுவிட்டது என்றால் உடல் சூடு மிகவும் இறங்கிவிட்டது என்று பொருள். எவ்வளவோ முயன்றோம். மறுநாள் மாலை அது இறந்துவிட்டது.

அந்தக் குழந்தை செய்தது அன்பினால். விற்றவர் தீனியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், கூண்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். தண்ணீர் ஊற்றக்கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

குட்டை ஹாம்ஸ்டர்களின் சொந்த ஊர் மங்கோலியா, சைபீரியா, கஜகஸ்தான், வட சீனம் ஆகிய பகுதிகளின் வறண்ட புல்வெளிகளும் மணல் நிலங்களும். இவற்றில் மிகச் சிறியதான ரோபோரோவ்ஸ்கி 20 முதல் 25 கிராம்தான் இருக்கும். மூன்று பத்து ரூபாய் நாணயங்களின் எடை. இவ்வளவு சிறிய உடம்பு நனைந்தால் சூடு நொடியில் வெளியேறிவிடும். அதன் தோல் சுரக்கும் எண்ணெய்தான் ரோமத்துக்குக் காப்பு. நாம் எண்ணெயைப் பூசிக்கொண்டு குளிக்கிறோம். அதுவோ பிறக்கும்போதே அந்த எண்ணெயோடு வருகிறது. ஷாம்பு அதைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. குளிரோடு அச்சமும் சேர, நுரையீரல் அழற்சி வரை போய்விடும்.

அப்படியானால் அது அழுக்காகவே இருக்குமா? கோழி மண்ணைப் பறித்துப் புரள்வதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அதே வழிதான். ஒரு சிறு தட்டில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு மணல் பரப்பிக் கூண்டுக்குள் வைத்துவிட்டு, விளக்கைக் குறைத்துவிட்டு அசையாமல் உட்காருங்கள். முதலில் மூக்கை நீட்டி மோப்பம் பிடிக்கும். பிறகு ஒரு தோளைச் சாய்த்துச் சரிந்து, சட்டென்று ஒரு புரளல், மறுபக்கம் ஒரு புரளல். எழுந்து உட்கார்ந்து முன்கால்களை நக்கி, முகத்தைத் துடைத்து, காதுக்குப் பின்னால் கோதி, விலாவுக்கு இறங்கும். மிகையான எண்ணெய் மணலோடு போய்விடும். ரோமம் பூப்போல மலர்ந்து நிற்கும். இத்தனை ஆண்டுகளில் எனக்கு அது அலுக்கவே இல்லை.

எந்த மணல் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். செல்லப் பிராணிகளுக்கென்று விற்கும் மாவு போன்ற குளியல் தூள் வேண்டாம். அது மூச்சுக்குழாய்க்குள் போகும். கால்சியம் மணலும் வேண்டாம். ஈரம் பட்டால் கட்டி தட்டும். எம்-சாண்ட் கல்லை உடைத்துச் செய்வது, கூர்முனையும் தூசியும் உள்ளது. கடற்கரை மணலில் உப்பு. நல்ல ஆற்று மணலைச் சலித்து, தண்ணீர் தெளியும்வரை கழுவி, வெயிலில் காயவைத்து, கடலை வறுப்பதுபோல வாணலியில் வறுத்து, முழுக்க ஆறவிட்டுப் போடுங்கள். பல ஹாம்ஸ்டர்கள் அதிலேயே ஒரு மூலையில் சிறுநீர் கழிக்கும். அதைத் திட்டாதீர்கள், நனைந்த மணலை மட்டும் தினமும் அள்ளிப் போட்டுவிட்டால் கூண்டில் நாற்றமே இராது. படுக்கையையும் முழுவதும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். தன் வாசனை இல்லாத வீட்டில் அது மிரண்டுபோகும்.

"சென்னை வெயிலில் பாவமாக இருக்கிறதே, கொஞ்சம் நனைக்கலாமா?" என்று கேட்கிறார்கள். கவலை நியாயமானதுதான். 18 முதல் 24 டிகிரி வரைதான் அதற்கு உகந்த சூடு. ஆனாலும் நனைக்க வேண்டாம். தரையில் பதிக்கும் டைல்ஸ் துண்டு ஒன்றைக் குளிர்வித்து உள்ளே வையுங்கள், அதன்மேல் வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொள்ளும். சொரசொரப்பான பக்கத்தை மேலே வைத்தால் நகமும் தேயும். அப்படியும் நகம் வளைந்து நீண்டால் வீட்டில் வெட்டாதீர்கள். உள்ளே ஓடும் இரத்தக்குழாய் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

வயிற்றின் நடுவில் மஞ்சளாக ஒரு திட்டு தெரிந்தால் பதற வேண்டாம், அது வாசனைச் சுரப்பி. முன்பற்கள் மஞ்சளாக இருப்பதும் இயல்புதான். பிசுபிசுப்பாக எதுவும் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அந்த இடத்தை மட்டும் துடைத்து, உடனே உலர்த்துங்கள். தவறி முழுக்க நனைந்துவிட்டால் மெல்லிய துணியால் ஒற்றி, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியின் அருகில் வையுங்கள்.

ஆனால் பின்பக்கம் ஈரமாகவோ அழுக்காகவோ இருந்தால் அதைக் கழுவ நினைக்காதீர்கள். அது அழுக்கு அல்ல, வயிற்றுப்போக்கு. இவ்வளவு சிறிய உயிருக்கு ஒரு நாள் தாமதமே அதிகம். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள், தீபாவளியாக இருந்தாலும்.

வணக்கம்.